தொடர்களில் காணாமல் போன பெண்களின் உழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடர்கள் பெண்களைச் சித்திரிக்கும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அவ்வப்போது வெளியாகும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மாமியார் மருமகளின் பாலில் நஞ்சு கலக்கிறார், நாத்தனார் ஆள் வைத்து அடிக்கிறார், ஒருத்தியின் கணவனை இன்னொருத்தி பறிக்கச் சூழ்ச்சி செய்கிறாள், இவற்றையெல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் முறையீடு. அந்த முறையீடு நியாயமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அதைவிட ஆழமான ஒரு குறை பேசப்படாமலே போகிறது என்று எண்ணுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் தொடர்களின் பெண்கள் நல்லவர்களாக இருந்தாலும் கெட்டவர்களாக இருந்தாலும், உழைத்துப் பிழைப்பவர்களாக இருப்பது மிக அரிது. வீட்டு வேலை அவர்கள் கையில் நடப்பதாகத் தெரிவதில்லை; வெளிவேலைக்குப் போனாலும் அந்த வேலை என்னவென்று நமக்குக் காட்டப்படுவதில்லை. தமிழ்நாட்டுப் பெண்ணின் ஒரு நாளில் பெரும்பகுதியை நிரப்பும் உழைப்பு, அவளைப் பற்றியே நாள்தோறும் சொல்லப்படும் கதையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பண்ருட்டி வட்டாரத்தில் வேலை பார்த்த காலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக் கடன்கள் என் பொறுப்பில் இருந்தன. குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மானப் புத்தகத்தோடு வருவார்கள். கடன் கொடுக்குமுன் குழு உறுப்பினர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படித்தான் காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகள் எனக்குப் பழக்கமாயின.

அந்தக் கொட்டகைகளை நேரில் காணாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கக்கூடியது. அது படாமல் இருக்கப் பெண்கள் கைகளில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். அப்படியும் விரல் நுனிகள் கருத்துப்போய், சிலருக்குத் தோல் உரிந்து, கைரேகை வைக்கச் சொன்னால் ரேகை சரியாகப் பதியாது. உடைப்பதற்குக் கிலோ கணக்கில் கூலி. பருப்பு முழுதாக வந்தால் ஒரு விலை, உடைந்துவிட்டால் வேறு விலை என்பதால் ஒவ்வொரு கொட்டைக்கும் கண்ணும் கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு கவனத்தைக் கேட்கும் வேலையின் நடுவேயும் அங்கே பேச்சு ஓயாது. அந்தப் பேச்சில் பாதி, முந்தைய இரவு பார்த்த தொடரைப் பற்றியதாக இருக்கும். கதையில் எவள் பொய் சொல்கிறாள், எவன் ஏமாறப் போகிறான், அடுத்து என்ன நடக்கும் என்பதை அவர்கள் வழக்கறிஞர்களைப் போல வாதித்துக்கொண்டிருப்பார்கள். கதையைக் கூர்ந்து பார்க்கும் திறமையில் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் அவ்வளவு ஈடுபாட்டோடு பேசிய அந்தக் கதைகளில், அவர்களைப் போலக் கை கருத்த ஒரு பெண்ணை நான் கண்டதில்லை. கூலிக்கு வேலை செய்யும் பெண் தொடர்களில் வந்தால், பணக்கார வீட்டின் வேலைக்காரியாகக் காபித் தட்டு ஏந்தி வருவாள். அல்லது அவள் கதாநாயகியாக இருந்து, சில வாரங்களிலேயே பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போய்விடுவாள். அதன் பிறகு அவளுக்கும் அந்தக் கூலிக்கும் தொடர்பே இராது.

தொடர்களில் வரும் சமையலறையைச் சற்று உற்றுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே முக்கால்வாசி நேரம் யாரேனும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். ஆனால் அடுப்பு எரியாது. தொட்டியில் பாத்திரம் கிடக்காது. சிலிண்டர் பாதிச் சமையலில் தீர்ந்துபோகாது. தண்ணீர் வராத நாள் என்று ஒன்று கிடையாது. பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையும் அணிந்த பெண், ஏற்கனவே நறுக்கி வைக்கப்பட்ட காயில் இரண்டைக் கத்தியால் தொட்டுவிட்டு, சுவருக்கு அப்பால் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்பாள். சமையலறை என்பது சதி தீட்டவும் கண்ணீர் விடவும் ஏற்பட்ட ஓர் இடமாகிவிட்டது. பத்துப் பேர் உள்ள அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குச் சோறு எப்படி வந்தது, துணிகளை யார் துவைத்தார்கள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாத்தாவுக்கு யார் பணிவிடை செய்தார்கள் என்ற கேள்விகளுக்குக் கதை பதில் சொல்வதே இல்லை.

மத்திய அரசு 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது, முந்திரிக் கொட்டகைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ சிப்காட் தொழிற்சாலைக்கோ போய்வரும் நேரத்துக்கு மேற்பட்ட கணக்கு. இந்த ஐந்து மணி நேரம் ஒரு குடும்பத்தில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில் எத்தனை சச்சரவுகள், எத்தனை விட்டுக்கொடுத்தல்கள், எத்தனை சிறு அநியாயங்கள் இருக்கின்றன! ஆயிரம் அத்தியாயங்களுக்குக் கதை பஞ்சமில்லாமல் கிடைக்கக்கூடிய இடம் அது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே உண்மையான மனத்தாங்கல்கள் பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான். வேலைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பும் மருமகள் இரவுச் சமையலுக்கு நிற்பதா, காலையிலிருந்து பேரப்பிள்ளையைத் தூக்கிச் சுமந்து இடுப்பொடிந்த மாமியார் நிற்பதா என்று இரண்டு நல்ல பெண்கள் முகம் திருப்பிக்கொள்ளும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த வீட்டில் நஞ்சுப்புட்டிக்கு வேலை இல்லை. அங்கே செல்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்மகன் எழுந்து வந்து ஒரு கை கொடுத்தால் தீரக்கூடிய சண்டை அது. தொடர்கள் அந்த ஆண்மகனைக் காப்பாற்றிவிடுகின்றன. சண்டை முழுவதையும் இரண்டு பெண்களின் குணக்கேடாக மாற்றி, அவனை இருவருக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கும் அப்பாவியாக நிறுத்துகின்றன.

நகையைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொடர்களில் பெண்கள் உறங்கும்போதும் நகையோடு உறங்குகிறார்கள். எங்கள் வங்கியிலோ பெண்களின் நகைகள் ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்காகவும், பயிர் வைக்கும் காலத்தில் விதைக்கும் உரத்துக்கும் ஆகவும் துணிப்பையில் முடிந்து அடகுக்கு வந்துவிடும். தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு போகும் பெண்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த நகையை வட்டி கட்டிக் கட்டி மீட்பதற்கு அவர்கள் போடும் கணக்கும், ஏல அறிவிப்பு வந்துவிடக் கூடாதே என்ற பதைப்பும், குழுவில் உள்கடன் வாங்கி அடகை மீட்டுவிட்டு அந்த உள்கடனைக் கூலியில் அடைக்கும் சாமர்த்தியமும் கதை ஆகத் தகுதியற்றவையா? தாலிக்குத் தொடர்கள் கொடுக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பறிக்க ஒருத்தி, காக்க ஒருத்தி என்று பல மாதங்கள் இழுப்பார்கள். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலிக்கொடியில் கோத்த குண்டுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு மஞ்சள் கயிற்றில் வெறும் தாலியை முடிந்துகொண்ட தாயின் கதையை இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது. நாட்டின் முதல் நெடுந்தொடராகக் கருதப்படும் ‘ஹம் லோக்’ 1984ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் தொடங்கியபோது, அதன் நோக்கமே குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணின் நிலை முதலிய செய்திகளைக் கதை வழியாகச் சொல்வதுதான். மெக்சிகோ நாட்டில் மிகுவேல் சபிதோ என்பவர் உருவாக்கியிருந்த முறையைப் பின்பற்றி அது எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்ததைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுவார். அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘ரஜனி’யில் பிரியா டெண்டுல்கர் ஏற்ற பாத்திரம் ஓர் இல்லத்தரசி; சமையல் எரிவாயு விநியோகத்தில் நடக்கும் முறைகேடு போன்ற அன்றாட அநியாயங்களைத் தட்டிக் கேட்பவர். 1989இல் தொடங்கிய ‘உடான்’, ஒரு பெண் காவல் அதிகாரியாக உயர்வதைச் சொன்னது. அதை இயக்கி நடித்த கவிதா சவுத்ரி தம் சகோதரி காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத் தழுவியே அக்கதையை அமைத்தார். அந்தச் சகோதரி 2004இல் நாட்டின் முதல் பெண் காவல்துறைத் தலைமை இயக்குநராக உத்தரகண்டில் பொறுப்பேற்றார். இவை இந்தித் தொடர்கள். மொழி முழுதும் புரியாமலே எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் அவற்றைப் பார்த்தோம், புரிந்த அளவுக்கு உள்ளத்தில் வாங்கிக்கொண்டோம்.

‘ஹம் லோக்’ தொடரைப் பற்றி ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அதில் பகவந்தி என்றொரு தாய் வருவார். குடிகாரக் கணவனையும் மாமியாரின் ஏச்சையும் பொறுத்துக்கொண்டு தன்னையே தேய்த்துக்கொள்ளும் பெண். இப்படி இருந்துவிடக் கூடாது என்று உணர்த்தவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் பார்த்தவர்களில் கணிசமானோர் பகவந்தியையே பின்பற்றத்தக்க நல்ல மனைவியாக, நல்ல தாயாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னர் அத்தொடரை ஆராய்ந்த அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கதையிலேயே பொறுமைசாலிப் பெண்ணின் துன்பம் இவ்வளவு கவர்ச்சி பெறும் என்றால், துன்பத்தைத் தாங்குவதையே பெண்ணின் பெருமையாக ஒவ்வோர் இரவும் பின்னணி இசையோடு காட்டும் இன்றைய தொடர்கள் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

தமிழிலும் மாறுபட்ட முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ தொடரில் தேவயானி ஏற்ற அபி என்ற பாத்திரம் கட்டுமானத் தொழில் நடத்தும் பெண். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வயதுப் பெண்கள் ‘அபி’ என்று சொன்னால் அடையாளம் கண்டுகொள்வதற்குக் காரணம் அவளுடைய கண்ணீர் மட்டுமன்று. அவளுக்கு ஒரு தொழில் இருந்தது, அந்தத் தொழிலில் அவள் தோற்கவும் எழவும் இடம் இருந்தது. அதே இயக்குநர் திருச்செல்வம் 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து வேலைக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கதையாக எடுத்துக்கொண்டது. பெண்ணின் உழைப்பு எப்படிப் பூட்டி வைக்கப்படுகிறது என்பதையே கருவாக வைத்த துணிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கும் நடந்தது என்ன? 2023 செப்டம்பரில் காலமான ஜி. மாரிமுத்து மிகச் சிறப்பாக நடித்த அந்த அதிகாரக் குடும்பத்தலைவன் பாத்திரமே தொடரின் அடையாளம் ஆகிவிட்டது. அவர் பெண்களை அதட்டும் தொனியை எங்கள் தெருச் சிறுவர்கள் தங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். நடிகரின் திறமையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடக்குகிறவனுக்குக் கொடுத்த வசன அழகில் கால் பங்கை, அந்த மருமகள்கள் ஒவ்வொருவரும் என்ன வேலை தெரிந்தவர்கள், அது அவர்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதைக் காட்டுவதற்குக் கொடுத்திருந்தால் சிறுவர்களின் வாயில் வேறு வசனங்களும் ஏறியிருக்கும்.

தொடர் எடுப்பவர்களின் இடர்ப்பாடு எனக்குப் புரியாமல் இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு என்றால், ஏறத்தாழ நாளுக்கு ஒரு பகுதியை எடுத்து முடித்தாக வேண்டும். ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, அதன் கூடத்திலும் மாடிப்படியிலும் படுக்கையறையிலும் பத்து நடிகர்களை நிறுத்திவிட்டால் மழையோ போக்குவரத்தோ வேடிக்கை பார்க்கும் கூட்டமோ வேலையைக் கெடுக்காது. ஒருவர் பேசிய ஒரு வாக்கியத்துக்குச் சுற்றி நிற்கும் எல்லோருடைய முகத்தையும் வரிசையாகக் காட்டினால் நேரமும் நிரம்பும். கதாநாயகியை வேலைக்கு அனுப்பினால் பேருந்து வேண்டும், அலுவலகம் வேண்டும், சந்தை வேண்டும். செலவு கூடும், நேரம் போகும். ஆகவே, உழைப்பு என்பது கதையிலிருந்து வெளியேறியதற்கு ஆணாதிக்கச் சிந்தனையோடு படப்பிடிப்புச் செலவும் ஒரு காரணம். வியாழக்கிழமைதோறும் வெளியாகும் பார்வையாளர் கணக்கு இன்னொரு காரணம். அந்தக் கணக்கு சரிந்தால் அடுத்த வாரமே கதையில் ஒரு விபத்தோ கடத்தலோ நிகழ்ந்துவிடும் என்பதை அனுபவமுள்ள எந்தப் பார்வையாளரும் சொல்வார். ஆனால் இந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு “மக்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம்” என்று சொல்வது பொருந்தாது. இரவு ஏழரை மணிக்கு எல்லா அலைவரிசைகளிலும் ஒரே வீடும் ஒரே சண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவற்றுள் ஒன்றைப் பார்ப்பவர் அதை விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிக் கொள்வது?

சட்டம் தொடர்பான செய்திகளில் தொடர்கள் செய்யும் கேடு தனியாகச் சொல்லத்தக்கது. சொத்துக்காக நடக்கும் சூழ்ச்சி இல்லாத தொடர் இல்லை. வெற்றுத்தாளில் மிரட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கைரேகை எடுப்பார்கள். அந்தத் தாள் ஒன்றாலேயே மாளிகை கைமாறிவிடும். பத்திரப் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருப்பதே தெரியாத உலகம் அது. உண்மையில் நம் மாவட்டத்துப் பெண்கள் சொத்தை இழப்பது மிரட்டலால் மட்டும் அன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிகளின் பெயருக்குத் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, மனமொப்பியே இழக்கிறார்கள். “பொறந்த வீட்டு உறவு வேணுமா, சொத்து வேணுமா?” என்ற ஒரே கேள்வியில் காரியம் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமை தரப்பட்டது. அப்போது மணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தாமல் இருந்தது. 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வளவும் நடந்திருக்கிறது. விவசாயக் கடனுக்காக நில ஆவணங்களைப் பார்க்கும்போதெல்லாம், மகள்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் கட்டுக் கட்டாக என் மேசைக்கு வந்திருக்கின்றன. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவு ஒரு பெண் என்ன நினைத்திருப்பாள் என்பதை ஒரே ஒரு தொடர் நேர்மையாகக் காட்டினால், சட்ட விழிப்புணர்வு முகாம்கள் பல செய்யும் வேலையை அது செய்யும். காவல் நிலையக் காட்சிகளும் இப்படித்தான். 1992இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்ட மாநிலம் இது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் என்றொருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார். தொடரில் காவல்துறை வீட்டுக்கு வருவதோ, செய்யாத குற்றத்துக்குக் கதாநாயகியை இழுத்துச் செல்வதற்காகத்தான். அறை வாங்கிய பெண் உதவி கேட்டுப் போகலாம் என்ற எண்ணமே அவளுக்கு வராதபடி கதை பார்த்துக்கொள்கிறது.

வெறும் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பொருளாதார அறிஞர்கள் ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் இருவரும் 2001க்கும் 2003க்கும் இடையில் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளையே வேண்டும் என்ற நாட்டம் குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் கூடியது என்று அவர்கள் கண்டார்கள். பிரேசில் நாட்டிலும், சிறிய குடும்பங்களையே காட்டிய தொடர்கள் எட்டிய பகுதிகளில் பிள்ளைப்பேறு குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. இந்த முடிவுகள் தொடர்களுக்கு ஆதரவானவைதானே என்று கேட்டால், ஆம், ஆதரவானவையே. தொலைக்காட்சியால் பெண்ணின் வாழ்க்கை சீர்கெட்டுவிட்டது என்று ஒட்டுமொத்தமாகப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். வெளியுலகமே எட்டாத கிராமத்துக்கு, நகரத்துப் பெண் எப்படிப் பேசுகிறாள், எப்படி நடக்கிறாள் என்பதைக் கொண்டுசேர்த்ததே அன்று பெரிய காரியமாக இருந்தது. ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று பார்க்கும் பெண் திரையில் உள்ள பெண்ணைத் தாண்டிப் போய்விட்டாள். நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகிறார்கள். அந்த வசதி வந்த பிறகு திருப்பாதிரிப்புலியூர்ச் சந்தைக்கும் மஞ்சக்குப்பத்து அலுவலகங்களுக்கும் வேலை தேடி வரும் பெண்களின் கூட்டத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். தொடரின் கதாநாயகி மட்டும் இன்னும் வாசற்படியில் நின்றுகொண்டு, வெளியே போகலாமா என்று வீட்டாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம் ஊரின் பெண்களை எடுத்துக்கொண்டாலே கதைகளுக்கு எல்லை இல்லை. கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள், 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் தம் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு சிறை சென்றார். மகளும் சிறைப்பட்டாள். பின்னர் 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிள்ளை பெற்று வளர்த்து, கணவரோடு கதர் விற்று, சிறைக்கும் போய்வந்த ஒரு குடும்பத் தலைவியின் வாழ்க்கை ஓர் ஆண்டுக்கு ஓடும் தொடருக்குப் போதாதா? அவ்வளவு பெரியவர்களைத் தேட வேண்டாம் என்றால், இருட்டோடு துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, பங்கு ஆட்டோவில் அன்னக்கூடையோடு ஏறி, வெயில் ஏறுமுன் தெருத் தெருவாக விற்று முடிக்கும் பெண் இருக்கிறாள். விலை பேசுவதிலும் கடன் கணக்கை மனத்தில் வைத்திருப்பதிலும் அவளுக்கு நிகர் இல்லை. அவளுக்கும் மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, மனக்கசப்புகள் உண்டு. விறுவிறுப்புக்குக் குறைவே இராது.

அரசு தணிக்கை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே பெண்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளுக்குத் தடை இருக்கிறது. பெண்களை நேர்மறையான, தலைமை தாங்கும் நிலையில் காட்டும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப முயல வேண்டும் என்றும், அவை நிதானமும் ஒழுக்கமும் நற்பண்பும் வளர்ப்பவையாக இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த இரண்டாம் பகுதியில் எனக்கு நம்பிக்கை குறைவு; ஒழுக்கத்துக்கும் பொறுமைக்கும் நம் கதாநாயகிகளிடம் பஞ்சமே இல்லை. 2021 ஜூனில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, நிகழ்ச்சியைப் பற்றிப் பார்வையாளர் அளிக்கும் புகாரைப் பெற்றுக்கொண்டதாக 24 மணி நேரத்துக்குள் அலைவரிசை தெரிவிக்க வேண்டும், 15 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அலைவரிசைகளின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். கன்னத்தில் அறைவதைக் காதலாகக் காட்டும் காட்சிகளுக்கு இந்த வழியைப் பெண்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இருப்பதைக் கண்டித்துப் புகார் கொடுக்க முடியுமே தவிர, இல்லாததைக் கேட்டுப் புகார் கொடுக்க எந்த விதியிலும் வழி இல்லை. உழைக்கும் பெண் கதையில் இல்லையே என்று யாரிடம் முறையிடுவது?

அதனால்தான் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வெளியாகும் திரைப்படத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கள் நாளிதழில் விமர்சனம் வந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரப் படத்தைக் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு என்று பிரித்து எழுதுகிறீர்கள். ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் ஓடும் தொடருக்கோ, நடிகை மாறினார், நேரம் மாறியது, திருமணக் காட்சி படமாக்கப்பட்டது என்ற செய்திக்கு மேல் ஒரு வரி கிடையாது. ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, வாரத்துக்கு ஒரு தொடரையாவது முறையாக விமர்சனம் செய்யுமாறு வேண்டுகிறேன். அந்தத் தொடரில் வரும் பெண்களுக்கு என்ன வேலை, அவர்களுக்கு என்ன வருமானம், அது யார் கையில் போகிறது, வீட்டு வேலையை யார் செய்கிறார்கள், சட்டம் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, ஆண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விமர்சகர் கேட்கட்டும். நன்றாக எழுதப்பட்ட காட்சி வந்தால் அதை எழுதியவரின் பெயரைச் சொல்லிப் பாராட்டட்டும்; தொடர்களின் வசனகர்த்தாக்களை இன்று எவரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. அந்தப் பகுதியை எழுதுவதற்குத் திரைப்பட நிருபர்கள் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஆசிரியைகள், செவிலியர்கள், பேருந்து நடத்துநர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என வேலை முடித்து வந்து தொடர் பார்க்கும் பெண்களிடமிருந்தும் விமர்சனங்களைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் சொல்லச் சொல்ல யாரேனும் எழுதிக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் அப்படிப் பேசக்கூடிய பெண்களை அறிமுகம் செய்துவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் கடலூர் நிருபர் தொடர்பு கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.